மூன்றாம் சரணத்தை விட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேவாலயப் பாட்டுகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, டிரம்ஸ் சத்தம் கூடிப்போயிற்று, கீர்த்தனைகளின் பழைய அமைதி போயிற்று என்று வருத்தப்பட்டு முடிந்திருந்தது. சத்தத்தைக் குறைப்பது எளிது. வால்யூம் குமிழைத் திருப்பினால் போதும். காதுக்கு அவ்வளவு சுலபமாக எட்டாத இன்னொரு இழப்பைப் பற்றித்தான் இந்தக் கடிதம். தேவனை நம்பி, அவரையே சார்ந்திருப்பதைச் சொல்லும் பாட்டுகளில் பாதியைத்தான் இன்று சபைகள் பாடுகின்றன. மீதிப் பாதி புத்தகத்திலேயே கிடக்கிறது.

கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. பாமாலை என்பது மேல்நாட்டு மெட்டில் அமைந்த மொழிபெயர்ப்புப் பாட்டு. கீர்த்தனை என்பது இராகமும் தாளமும் குறித்து, பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று தமிழிலேயே பிறந்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் பாடியவற்றைத் திரட்டி, அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853-இல் புத்தகமாக வெளியிட்டார். லுத்தரன் சபையாரிடம் ஞானப்பாட்டு உண்டு. தரங்கம்பாடி வழியாக வந்த ஜெர்மானியப் பாட்டுகள் அவை. மூன்று வகையிலும் நம்பிக்கைப் பாட்டுகள் ஏராளம். மூன்றுக்கும் ஒரே கத்தரிக்கோல்தான் விழுகிறது.

கத்தரிக்கோல் விழும் இடம் ஆராதனை நடத்துகிறவரின் அறிவிப்பு. "ஒன்று, இரண்டு, கடைசி" என்பார். நேரம் இல்லையாம். திரையில் வரிகளைப் போடும் சபைகளில் அந்த அறிவிப்பும் கிடையாது. ஸ்லைடு தயாரித்தவர் எதை விட்டாரோ அது போனதுதான், அப்படி ஒரு சரணம் இருந்ததே அடுத்த தலைமுறைக்குத் தெரியாது. இப்படி விழும் சரணங்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் சாவு, நோய், தாமதம், பகை என்று வரும் சரணங்கள் அவை. வேண்டுமென்று யாரும் வெட்டுவதில்லை. பாட்டின் அமைப்பு அப்படி. முதல் சரணம் அழைக்கும், கடைசிச் சரணம் பரலோகத்தைக் காட்டும், இருட்டு நடுவில் இருக்கும். நடுவை எடுத்தால் இருட்டும் சேர்ந்து போகிறது. மூன்றே சரணம் உள்ள பாட்டானால் "ஒன்று, இரண்டு போதும்" என்று கடைசியே போய்விடும்.

எல்லாருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்கிறோம்: "பாவ சஞ்சலத்தை நீக்க, பிராண நண்பர்தான் உண்டே". அயர்லாந்தில் பிறந்து கனடாவுக்குப் போன ஜோசப் ஸ்கிரிவன் 1855-இல், அயர்லாந்தில் நோயாய்க் கிடந்த தாய்க்கு ஆறுதலாக எழுதியது. கல்யாணத்துக்கு முந்தைய நாள், அவருக்கு நிச்சயித்த பெண் தண்ணீரில் மூழ்கி இறந்துபோனாள். அந்த மனுஷர் எழுதிய பாட்டு இது. நாம் பாடும் மெட்டை சார்லஸ் கன்வர்ஸ் 1868-இல் அமைத்தார். தமிழில் மூன்று சரணம். மூன்றாவதில்தான் "பந்து ஜனம் சாகும்போதும் புகலிடம் இதுவே" என்ற வரி வருகிறது. பாட்டின் முழுப் பாரமும் அங்கேதான் இறங்குகிறது. இரண்டு சரணத்தோடு நிறுத்திவிட்டால் இனிமையான நட்புப் பாட்டு ஒன்று கையில் மிஞ்சும், அவ்வளவுதான். பந்து ஜனம் செத்துக் கிடக்கும் வீட்டிலேயே அந்தச் சரணத்தை விட்டுவிட்டுப் பாடுவதும் நடக்கிறது. "அழுவார்களே" என்று இரக்கப்பட்டு விடுகிறார்களாம்.

வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு, ஜெர்மானியக் குருவானவர் பவுல் கெர்ஹார்ட் (1607–1676) எழுதிய ஒரு பாட்டைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. 1653-இல் அச்சான அந்தப் பாட்டுக்கு 12 சரணங்கள். ஒவ்வொரு சரணத்தின் முதல் சொல்லையும் மேலிருந்து கீழாகச் சேர்த்தால், வேதாகமத்தின் பாடல் நூலான சங்கீதத்தில் 37:5 அப்படியே வரும். நம் வேதாகமத்தில் அது: "உன் வழியைக் கர்த்தருக்கு ஒப்புவித்து, அவர்மேல் நம்பிக்கையாயிரு, அவரே காரியத்தை வாய்க்கப்பண்ணுவார்." (37-ஆம் சங்கீதமே மூல எபிரெயத்தில் அகரவரிசைப்படி அமைந்தது. வரிசையின் மேல் வரிசை கட்டியிருக்கிறார் கெர்ஹார்ட்.) இதில் ஒன்பதாம் சரணத்தைப் பாருங்கள். தேவன் கொஞ்சக் காலம் தம் ஆறுதலைத் தாமதிப்பார், கைவிட்டவர்போல் இருப்பார், நீ வேதனையில் மிதக்கும்போது உன்னைக் கேட்கவே மாட்டார்போல் தோன்றும் என்கிறது. நேரம் இல்லை என்று வெட்டப் புகுந்தால் முதலில் போகும் சரணம் இதுவாகத்தான் இருக்கும். ஆனால் இந்தச் சரணத்தின் முதல் சொல் என்ன தெரியுமா? "அவர்". இதை எடுத்துவிட்டால், மேலிருந்து கீழாக வாசிக்கும் வசனத்தில் "அவரே காரியத்தை வாய்க்கப்பண்ணுவார்" என்பதில் உள்ள அவரே காணாமற்போய்விடுகிறார்.

கெர்ஹார்ட் வாழ்ந்தது முப்பதாண்டுப் போரின் காலம் (1618–1648). பிறந்த ஐந்து பிள்ளைகளில் நான்கு போயிற்று. மனைவியும் 1668-இல் இறந்தார். அந்தப் பாட்டை எழுதும்போது இந்த இழப்புகள் எதுவும் வந்திருக்கவில்லை. ஆனாலும் ஒன்பதாம் சரணத்தை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்.

சங்கீதங்களை இப்படி வெட்டுவதும் பழைய பழக்கம்தான். 91-ஆம் சங்கீதத்தை வெட்டிச் சொன்னவர்களில் முதலில் பெயர் தெரிந்தவன் பிசாசு. "உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி, உனக்காகத் தம்முடைய தூதர்களுக்குக் கட்டளையிடுவார்" என்பது 11-ஆம் வசனம். மத்தேயு 4:6-இல் இயேசுவைச் சோதிக்க அதே வசனத்தை அவன் சொல்லும்போது "உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி" என்பது இல்லை. நேரே தூதர்களுக்குப் போய்விடுகிறான். அதே சங்கீதத்தின் 15-ஆம் வசனம் "ஆபத்தில் நானே அவனோடிருந்து" என்கிறது. ஆபத்தே வராது என்று சங்கீதம் சொல்லவில்லை, ஆபத்துக்குள் கூட இருப்பேன் என்கிறது. இந்தச் சங்கீதத்தை வைத்து இசைத்த பாட்டுகளைத் தெரிந்தெடுப்பவர்கள் 15-ஆம் வசனம் உள்ளே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் நல்லது.

23-ஆம் சங்கீதத்தில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. முதல் மூன்று வசனங்களில் மேய்ப்பர் "அவர்". "அவர் என்னைப் புல்லுள்ள இடங்களில் மேய்த்து" என்று அவரைப் பற்றிப் பேச்சு நடக்கிறது. நான்காம் வசனத்தில் பள்ளத்தாக்கு வந்ததும் "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர், உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்" என்று நேருக்கு நேர் பேச்சாக மாறிவிடுகிறது. புல்வெளியில் "அவர்", மரண இருளில் "நீர்". ஐந்தாம் வசனத்தில் பந்தி வைக்கப்படுவதும் "என் சத்துருக்களுக்கு முன்பாக". சத்துருக்கள் போய்விடவில்லை, எதிரிலேயே நிற்கிறார்கள். புல்வெளியையும் நிரம்பி வழியும் பாத்திரத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு மெட்டுப் போட்டால் இந்தத் திருப்பம் முழுவதும் போய்விடும்.

கீர்த்தனையிலும் இதே நுட்பம் உண்டு. எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) பாடிய "சத்தாய் நிஷ்களமாய்" தமிழ்ச் சபைகளுக்கெல்லாம் மனப்பாடம். வைணவக் குடும்பத்தில் பிறந்து கம்பனில் ஊறிய அந்தப் புலவர், 1858-இல் ஞானஸ்நானம் பெற்றார். ஒவ்வொரு செய்யுளும் "உன்னை யல்லால் எனக் கார்துணை யாருறவே" என்று முடியும்; விளி மட்டும் அத்தா, அம்மான், அரசே, ஆயே என்று மாறிக்கொண்டே போகும். சுந்தரர் திருமழபாடியில் "அன்னே உன்னையல்லால் இனி யாரை நினைக்கேனே" என்று பாடியது காதில் விழாத தமிழர் இல்லை. அந்த ஓசையைத்தான் கிருஷ்ண பிள்ளை எடுத்து வந்து கிறிஸ்துவின் முன் வைக்கிறார். பெரும்பாலும் முதல் இரண்டு செய்யுளோடு பாட்டு நின்றுவிடுகிறது. "தாயே தந்தை தமர் குரு சம்பத்து நட்பெவையும் நீயே" என்ற செய்யுள் வெளியே நிற்கிறது. அந்தக் காலத்தில் மதம் மாறிய ஒருவர் எதையெல்லாம் இழக்க நேரிடுமோ அதெல்லாம் அந்த ஒரு வரியில் வரிசையாக நிற்கின்றன. அடுத்து, "ஏயே என்றிகழும் உலகோடு" தனக்கு என்ன உரிமை என்கிறார். முதல் செய்யுளில் "ஆர்துணை" என்று கேட்டது வெறும் பக்தி அலங்காரமாகக்கூடத் தோன்றலாம். இங்கே வந்த பிறகு அப்படித் தோன்றாது.

பாட்டில் பழகிய இந்தக் கை வேதாகமத்தையும் வெட்டுகிறது. டிசம்பர் 31 இரவு ஆராதனையில், வரும் வருஷத்துக்கான வசனம் என்று எடுக்கிற வாக்குத்தத்த அட்டையைப் பாருங்கள். எரேமியா 29:11 இல்லாத வருஷம் அபூர்வம்: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அதற்கு முந்தைய வசனம், இது பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பு நடக்கும் என்கிறது. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் இது. அதைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் அந்த ஊரிலேயே மண்ணாகப் போகிறவர்கள். அவர்களுக்கு ஐந்தாம் வசனம் சொல்லும் வேலை, வீடு கட்டு, குடியிரு, தோட்டம் போடு, கனியைச் சாப்பிடு என்பதுதான். இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பும் என்று சொன்ன ஆள் ஒருவன் உண்டு. 28-ஆம் அதிகாரத்து அனனியா. அவன் பொய்த் தீர்க்கதரிசி. அட்டையில் 11-ஐ மட்டும் அச்சடித்தால், எரேமியாவின் பெயரில் அனனியாவின் செய்தி போய்ச் சேர்கிறது. பிலிப்பியர் 4:13-க்கும் இதே கதி. "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பது பரீட்சை ஹால் டிக்கெட்டின் பின்பக்கம் வரை வந்துவிட்டது; "பட்டினியாயிருக்கவும்", "குறைவுபடவும்" போதிக்கப்பட்டேன் என்ற 12-ஆம் வசனம் எந்த அட்டையிலும் வருவதில்லை.

மருந்து வேண்டாம், விசுவாசம் போதும் என்கிறவர்கள் எடுத்துக்காட்டும் எசேக்கியாவின் கதையும் பாதியில் நின்ற கதைதான். ஏசாயா 38-இல் நோயாய்க் கிடந்த அந்த ராஜாவுக்கு ஆயுசு 15 வருஷம் கூட்டிக் கொடுக்கப்படுகிறது. பிரசங்கம் அங்கே முடிந்துவிடும். அதே அதிகாரம் 21-ஆம் வசனத்தில் ஏசாயா, அத்திப்பழத்து அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொல்கிறார். வாக்குத்தத்தம் கொடுத்த அதே வாய்தான் பற்றும் போடச் சொன்னது. நெகேமியா 4:9-உம் அப்படியே: ஜெபம்பண்ணினோம், இரவும் பகலும் காவலும் வைத்தோம். பிரிஸ்டலில் அநாதைப் பிள்ளைகளை வளர்த்த ஜார்ஜ் முல்லர் (1805–1898) யாரிடமும் பணம் கேட்கவில்லை என்பதை எல்லாரும் சொல்வார்கள். கடன் வாங்காமல், வந்த காசுக்கெல்லாம் கணக்கெழுதி வருஷா வருஷம் அச்சிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்கிறவர்கள் குறைவு.

சரி, நேரம் என்ற சாக்குக்கு வருவோம். "என்னோடிரும் மா நேச கர்த்தரே" பாட்டின் மெட்டில் ஒரு சரணத்துக்கு 16 பார் (தாளக் கட்டம்), பாருக்கு 4 அடி, ஆக 64 அடி. நிமிடத்துக்கு 72 அடி வேகத்தில் ஒரு சரணம் 53 விநாடி. ஐந்து சரணமும் நாலரை நிமிடம். ஆர்கன் முகப்பையும் சேர்த்தால் ஐந்து. இரண்டு சரணம் வெட்டி மிச்சம் பிடிப்பது இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. அறிவிப்புகளில் அதைப்போல் பல மடங்கு போகிறது. (இந்தப் பாட்டை "வெளிச்சம் மங்கி இருட்டாயிற்றே" என்ற வரியைப் பார்த்து மாலை ஆராதனைப் பாட்டாக மட்டும் வைத்திருக்கிறோம். எழுதிய ஹென்றி லைட் 1847-இல், தாம் இறந்த அதே வருஷத்தில், காசநோயோடு எழுதியது. அந்த இருட்டு சூரியன் அஸ்தமிக்கிற இருட்டு மட்டும் இல்லை.)

கீர்த்தனைக்கு வேறு கணக்கு. நேரத்தைத் தின்பது பல்லவி. தொடக்கத்தில் இரண்டு முறை, அனுபல்லவிக்குப் பிறகு இரண்டு, ஐந்து சரணங்களுக்குப் பிறகும் இரண்டிரண்டு என்றால் 14 முறை பல்லவி. தொடக்கத்தில் மட்டும் இரண்டு, மற்ற இடங்களில் ஒன்று என்று வைத்தால் 8. பல்லவிக்கு 15 விநாடி என்றால் ஒன்றரை நிமிடம் கையில் வந்துவிடும். அந்த ஒன்றரை நிமிடத்தில் விட்டுப்போன இரண்டு சரணங்களைத் தாராளமாகப் பாடலாம்.

ஸ்லைடு போடுகிறவர்களுக்குச் சில வேண்டுகோள். இணையத்தில் கிடைக்கும் வரிகளை அப்படியே ஒட்டாமல், முதலில் அச்சுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுச் சரணங்களை எண்ணுங்கள். ஒரு ஸ்லைடில் நான்கு வரிக்கு மேல் வேண்டாம். மூலையில் 3/5 என்று சிறிதாக எண் போட்டுவிடுங்கள். எது விட்டுப்போனாலும் சபையே கண்டுபிடித்துவிடும். பாட்டுப் புத்தகத்தின் தலைப்பில் இருக்கும் இராகம், தாளம், வேத வசனக் குறிப்பையும் முதல் ஸ்லைடில் போடுங்கள்.

கீபோர்டு வாசிக்கிறவர்களுக்கும் ஒன்று உண்டு. கடைசிச் சரணத்தில் அரை சுரம் ஏற்றி, டிரம்ஸைக் கூட்டி முடிக்கும் பழக்கம் எல்லாப் பாட்டுக்கும் ஒட்டாது. மரணத்தைப் பாடும் சரணத்தில் சுருதி ஏறினால் சொல் ஒன்று சொல்ல, இசை வேறொன்று சொல்லும். அந்தச் சரணத்துக்குத் தாளக் கருவிகளை நிறுத்தி, இசையை மெல்லிய பிடிப்பாக வையுங்கள். வேகத்தையும் குறைக்க வேண்டாம். குறைத்தால் முதியவர்களுக்கு மூச்சு பற்றாது. சபை பாடும் மேல் சுரம் "டி"-ஐத் தாண்டினால் பின்வரிசைக்காரர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். நோயும் சாவும் கண்ட அனுபவம் அதிகம் உள்ளவர்கள் அந்த வரிசைக்காரர்கள்தான். அவர்கள் பாடாத நம்பிக்கைப் பாட்டு எதற்கு?

புதுப் பாட்டு தெரிந்தெடுக்க ஒரு சோதனை உண்டு. ஆபகூக் 3:17-ஐத் திறந்து "போனாலும்" என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். அத்திமரம், திராட்சச்செடி, ஒலிவமரம், வயல், ஆட்டுமந்தை, தொழுவத்து மாடு என்று ஆறு முறை. ஆறும் முடிந்த பிறகுதான் "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்" என்று 18-ஆம் வசனம் தொடங்குகிறது. கையில் எடுத்த புதுப் பாட்டில் ஒரே ஒரு "ஆனாலும்" ஆவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அது துதிப் பாட்டாகவோ நன்றிப் பாட்டாகவோ இருக்கலாம். அவை நல்லவைதான், அந்தந்த இடத்தில் பாடுங்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

துக்க வீட்டுக்குப் போகும் பாடகர் குழுவுக்குக் கடைசியாக ஒன்று. கீபோர்டு வேண்டாம். வழக்கமான சுருதியிலிருந்து ஒரு சுரம் இறக்கிப் பிடியுங்கள். அழுத தொண்டைக்கு அதற்கு மேல் ஏறாது. "பாவ சஞ்சலத்தை" எடுத்தால் மூன்று சரணமும் பாடுங்கள். "பந்து ஜனம்" வரும்போது வீட்டார் வாய்விட்டு அழுதால், பதறிப்போய் ஜெபத்துக்குத் தாவ வேண்டாம், குரலை உயர்த்தவும் வேண்டாம். குழுவில் இருவர் மட்டும் மெல்லத் தொடர்ந்து அந்த வரியை முடியுங்கள். "உம்மை நம்பி நேசிப்போம்" வருவதற்கு இன்னும் ஒரு வரி இருக்கிறது. அதற்குள் மற்றவர்களும் வந்து சேர்ந்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
பாடகர் குழுப் பயிற்சியாளர்கள் இருவர்,
பாளையங்கோட்டை.